முள்ளை நம்பிவிடாதே

அன்புள்ள மகனுக்கு,

உன் செய்தி வந்தது. "அப்பா, சுருட்டு வைக்க ஒரு ஹியூமிடர் வாங்கலாம் என்று இருக்கிறேன். என்ன பார்த்து வாங்க வேண்டும்?" ஒரே வரி. நான்கு மாதம் கழித்து வந்த வரி. அம்மா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "வேறு ஒன்றும் எழுதவில்லையா?" என்றாள். வேலை அதிகமாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். போனில் எழுத்து எழுத்தாகத் தட்ட எனக்குப் பொறுமை இல்லை. அதனால் உட்கார்ந்து விவரமாகவே எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், நேரம் கிடைக்கும்போது படி.

ஹியூமிடர் என்பது சுருட்டு காய்ந்துபோகாமல் ஈரப்பதத்தைக் காக்கும் பெட்டிதான். அந்தப் பெட்டியை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு ஹைக்ரோமீட்டர், அதாவது காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் மீட்டர், வாங்கு. பெட்டியின் மூடியிலேயே வட்டமாகப் பதித்து, பித்தளை விளிம்பும் முள்ளுமாகக் கொடுப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். அதை அலங்காரம் என்று மட்டும் வைத்துக்கொள். தனியாக டிஜிட்டல் ஒன்று வாங்கு. அதையும் வாங்கிய கையோடு நம்பிவிடாதே. உப்பு வைத்துப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

உப்புச் சோதனை என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தண்ணீர் பாட்டிலின் மூடி ஒன்றை எடுத்துக்கொள். அது நிறைய சாதாரணத் தூள் உப்பைப் போட்டு, சில சொட்டு தண்ணீர் விடு. உப்பு கரையக் கூடாது. கடற்கரை ஈர மணல் மாதிரி, விரலால் தொட்டால் பதிய வேண்டும், அவ்வளவுதான். அந்த மூடியையும் மீட்டரையும் காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வை. ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். மறுநாள் மீட்டர் 75 காட்டினால் சரி. 71 காட்டினால் அது நாலு குறைத்துச் சொல்கிறது. ஒரு சின்னத் தாளில் "4 கூட்டு" என்று எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடு. பையைத் திறந்து பார்க்காதே, வெளியிலிருந்தே படித்துக்கொள்.

இதைச் செய்யாமல் பெட்டியில் ஒரு சுருட்டுகூட வைக்காதே.

இனி பெட்டி. எத்தனை சுருட்டு வைக்கப் போகிறாய் என்று நீ எழுதவில்லை. அது தெரிந்தால்தான் அளவு சொல்ல முடியும். 50 பிடிக்கும் என்று விற்கிற பெட்டியில், பருமனான சுருட்டாக இருந்தால் 30 வைப்பதே பாடு. மெல்லியவற்றை இடைவெளி இல்லாமல் அடுக்கித்தான் அந்தக் கணக்கைச் சொல்கிறார்கள். காற்று நடமாட இடம் வேண்டும். ஆகவே தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிதாக வாங்கு. ஆனால் பெரிய பெட்டி என்பதற்காக அதை நிரப்ப வேண்டும் என்று இல்லை.

இருபதுக்குள்தான் வைக்கப் போகிறாய் என்றால் மரப்பெட்டியே வேண்டாம். ரப்பர் வளையம் வைத்து நாலு பக்கமும் இறுகப் பூட்டுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், ஈரப்பத பாக்கெட் ஒன்றும் போதும். மரப்பெட்டியைவிட அது ஈரத்தை ஒழுங்காக வைத்திருக்கும். அழகுக்கு ஆசைப்பட்டு நான் ஏமாந்ததால் சொல்கிறேன். இருபதுக்குள்தான் இருக்கும் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

மரப்பெட்டிதான் வேண்டும் என்றால் மூடியைப் பார். மற்றதெல்லாம் அப்புறம். ஒரு சாண் உயரத்துக்கு மூடியைத் தூக்கி விட்டுவிடு. டப்பென்று விழுந்தால் அது வெறும் பெட்டி. நல்ல பெட்டியின் மூடி கடைசி விரற்கடை தூரத்தில் தயங்கும். உள்ளே மாட்டிய காற்று அதைத் தாங்கிப் பிடித்து, மெல்ல மூச்சு விடுகிற மாதிரி இறக்கும். அப்புறம் ஒரு தாள் துண்டை விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பார். நாலு பக்கமும், குறிப்பாகக் கீல் இருக்கும் பின்பக்கமும். தாள் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ஈரமும் போகும். வீட்டுக்கு வந்ததும் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடு. எங்காவது வெளிச்சக் கோடு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. கண்ணாடி மூடி வைத்ததை வாங்காதே. கண்ணாடியும் மரமும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் கசியும்.

உள்ளே ஸ்பானிஷ் சிடார் மரம் இழைத்திருக்க வேண்டும். அது சிடாரும் இல்லை, ஸ்பெயினில் வளர்வதும் இல்லை. அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளில் வளரும் மரம், வேம்பும் மகாகனியும் சேர்ந்த அதே குடும்பம். ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரும், சீக்கிரம் கோணாது. அதன் வாசனை உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் பெட்டியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பாயே. உள்பக்கத்துக்கு யாராவது வார்னிஷ் பூசியிருந்தால் அந்தப் பெட்டியைத் தொடாதே.

வாங்கி வந்த அன்றே சுருட்டை வைத்துவிடக் கூடாது. புதுச் சட்டியைப் பழக்குகிற மாதிரி பெட்டியைப் பழக்க வேண்டும். காய்ந்த மரம் சுருட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரத் துணியால் உள்ளே துடைத்துவிடு என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், மரம் உப்பிக் கோணிப்போகும். போவெடா என்று ஈரப்பத பாக்கெட் வருகிறது. அதன் மேல் இருக்கும் எண் அது காக்கும் ஈரப்பதச் சதவீதம். அதில் 84 என்று போட்டது பெட்டி பழக்குவதற்கென்றே இருக்கிறது. அதை உள்ளே வைத்து மூடி 14 நாள் திறக்காமல் விட்டுவிடு. அது கிடைக்காவிட்டால் அகலமான கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீர் வைத்து மூடு. பொறுமையாக இரு. உனக்குப் பொறுமை உண்டு. அக்காவின் பழைய கடிகாரத்தை மூன்று வாரம் பிரித்துப் போட்டு ஓட வைத்தவன் நீ. அதை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு பொறுமை உள்ளவனுக்கு அம்மாவுக்குப் பதில் எழுத ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை என்பதுதான் புரியவில்லை.

சரி. பழகியதும் அந்த பாக்கெட்டை எடுத்துவிட்டு 69 போட்டதை வை. 65 போட்டது பிடிக்கும் என்பவர்களும் இருக்கிறார்கள். அதில் சுருட்டு சீராக எரியும். 25 சுருட்டு கொள்ளும் இடத்துக்கு 60 கிராம் பாக்கெட் ஒன்று என்பது கணக்கு. ஈரம் குறைந்தால் விடும், கூடினால் இழுத்துக்கொள்ளும். தொட்டால் கெட்டியாகக் காய்ந்திருந்தால் மாற்றிவிடு. ஈரத்துக்காகத் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்லிப் பெட்டியோடு வரும் பஞ்சு டப்பாவைத் தூக்கிப் போடு. அதைத்தான் பயன்படுத்துவேன் என்றால் காய்ச்சி வடித்த நீர் மட்டும், வேறு எந்தத் தண்ணீரும் கூடாது. குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் பஞ்சை அடைத்துவிடும், பூஞ்சைக்கும் வழி விடும். முள் குறைவாகக் காட்டுகிறதே என்று தினம் தினம் தண்ணீர் ஊற்றாதே. முதலில் முள் சரியா என்று பார். உப்பு வைத்துப் பார்.

வெயில் படுகிற இடத்தில் பெட்டியை வைக்காதே. 18லிருந்து 21 டிகிரி நல்லது. 24க்கு மேல் போனால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரிக்கும். சுருட்டில் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை தெரிந்தால் அதுதான். அப்படி வந்தால் எல்லாவற்றையும் காற்றுப் போகாத பையில் போட்டு ஃப்ரீஸரில் மூன்று நாள், பிறகு கீழ்த்தட்டில் ஒரு நாள், அப்புறம் வெளியே. ஒரேயடியாக வெளியே எடுத்தால் மேல் இலை வெடித்துவிடும். வாசனை ஏற்றிய சுருட்டுகளை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதே.

படுக்கையறையில் வைக்காதே. மருமகளுக்கு அந்த வாசனை ஆகாது என்று ஒரு தடவை சொன்னாள். அவளும் போனில் பேசி நாளாகிவிட்டது. நன்றாக இருக்கிறாள் அல்லவா?

எத்தனை வைக்கப் போகிறாய் என்று கேட்டேன். பெட்டியின் அளவுக்காகத்தான் கேட்டேன், அது மட்டும் இல்லை. போன தடவை பேசும்போது நீ மூன்று முறை பேச்சை நிறுத்தி இருமினாய். தூசி என்றாய். நானும் தூசி என்றுதான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். புகையை உள்ளே இழுப்பதில்லையே என்று சமாதானமும் சொல்லிக்கொள்வேன். இழுக்காவிட்டாலும் வாயையும் தொண்டையையும் அது விடாது. அந்தப் பதினோரு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீதான் உட்கார்ந்திருந்தாய். நான் விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. உன்னை விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீடு முழுக்க அந்த வாசனையைப் பரப்பி உன்னை வளர்த்தவனே நான்தான்.

உப்பு, உப்பு என்று ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றும். காரணம் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

உனக்குப் பதினொரு வயது. ஒரு நாள் சாயங்காலம் பெட்டியைத் திறந்தேன். சுருட்டுகளின் நுனியெல்லாம் பச்சையும் நீலமுமாகப் பஞ்சு மாதிரி மயிர் முளைத்திருந்தது. விரலால் தொட்டதும் பொடியாக எழும்பியது. சித்தப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, 25ம். உன்னைக் கூப்பிட்டேன். "நான் மோந்து மட்டும்தான்பா பார்த்தேன்" என்றாய். தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்டேன். இல்லை என்றாய். பொய் சொல்கிறாய் என்று கன்னத்தில் அறைந்தேன். நீ அழவில்லை. பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல் மூடிவிட்டுப் போனாய்.

நாலு நாள் கழித்து ஆபீசில் ஒருவர் இந்த உப்பு விஷயத்தைச் சொன்னார். மூடியில் இருந்த முள் மீட்டரைக் கழற்றி, பையில் போட்டு, மறுநாள் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு எடுத்துப் பார்த்தேன். 75 காட்ட வேண்டிய முள் 63ல் நின்றது. பன்னிரண்டு குறைவு. நான் முள் 70க்கு வர வேண்டும் என்று காலையும் மாலையும் குழாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே 82 இருந்திருக்கிறது. அதில் பூஞ்சை வராமல் என்ன செய்யும்? சமையலறை விளக்கை அணைக்காமல் அந்த 63ஐப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன்னை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைவிட மோசம், அதை ஒரு கதையாக ஆக்கிவிட்டேன். "இவன் என் சுருட்டுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிப் பயிர் வளர்த்தவன்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். உன் கல்யாணத்தன்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஒரு தடவையாவது, இல்லை அப்பா, நான் ஊற்றவில்லை என்று நீ சொல்லியிருந்தால் அன்றே ஒத்துக்கொண்டிருப்பேன் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். நீ அந்த ஒரு நாளில் அதைச் சொல்லியாகிவிட்டது. நான்தான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ அந்த அறைக்குள் வந்து பெட்டியைத் திறந்ததே இல்லை. என்னிடம் எதையும் முதலில் வந்து சொன்னதும் இல்லை. இந்த நான்கு மாதத்தை நான் அங்கிருந்துதான் எண்ணுகிறேன்.

தப்பு என்னுடையது. அம்மாவிடம் நேற்று சொல்லிவிட்டேன். அக்காவிடமும் சொல்லப் போகிறேன்.

என் பெட்டியை உனக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். வேண்டாம். ஆல்கஹால் போட்டுத் துடைத்து வெயில் படாமல் காய வைத்தேன், இருந்தாலும் வலது மூலையில் கறுப்புக் கறை அப்படியே இருக்கிறது. உன் பழைய மார்க் ஷீட்டுகளை அதில் வைத்திருக்கிறேன். நீ புதிதாகவே வாங்கு, மூடி நன்றாக இறங்குகிறதா என்று பார்த்து வாங்கு.

ஹைக்ரோமீட்டர் வந்ததும் உப்பு வைத்துவிடு. மறுநாள் எவ்வளவு காட்டியது என்று எழுது. வேறு எதுவும் எழுதத் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, அந்த எண்ணை மட்டும் அனுப்பு. எவ்வளவு கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா