தகரையைப் பூ விடும்வரை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்துக்கு வண்ணத்துப்பூச்சிகளை வரவழைப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். என்னென்ன பூச்செடி வைக்கலாம் என்று விரிவாகச் சொன்னவர், படத்தில் இருந்த சின்ன மஞ்சள் பூச்சியை மட்டும் 'எங்கும் காணப்படுவது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதற்காக நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இதை மஞ்சப் பாப்பாத்தி என்போம். புல் மஞ்சள் என்று எழுதுகிறார்கள். தரையை ஒட்டியே பறக்கும். உட்கார்ந்தால் சிறகை மூடிக்கொள்ளும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பல இனங்கள் உண்டு. மூடிய முன்சிறகில் உடம்பை ஒட்டினாற்போல இரண்டு குறிகள் இருந்தால் அது பெரும்பாலும் சாதாரணப் புல் மஞ்சள். 1758-லேயே ஸ்வீடன் நாட்டு இயற்கையாளர் லின்னேயஸ் பெயர் வைத்தது. மூன்று இருந்தால் வேறு இனம். ஒன்றுமே இல்லாமல் உருவிலும் சிறிதாக இருந்தால் இன்னொன்று. நீலகிரியின் பெயரைத் தாங்கிய ஓர் இனத்தை 1990-ல்தான் ஜப்பானிய ஆய்வாளர் யாட்டா தனியாகப் பிரித்துக் காட்டினார். ஆக, தங்கள் இதழில் வந்த படம் இவற்றில் எது என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்.

பருவத்துக்குத் தகுந்தபடி வேஷமும் மாறும். மழைக்காலப் பூச்சிக்குச் சிறகின் மேற்புறத்தில் அகலமான கறுப்புக் கரை. வறண்ட மாதங்களில் வருவதற்குக் கரை குறுகி, அடிப்புறத்தில் துருநிறத் திட்டுகள் கூடிவிடும். காய்ந்த புல்லுக்கு நடுவே அது உட்கார்ந்திருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். தேன் குடிக்கத் தும்பைப்பூ போதும். முட்டையிடத்தான் இலை வேண்டும். தகரை, கொன்றை, வாகை, அகத்தி, கொடுக்காப்புளி போன்றவற்றின் இளந்தளிரில் சாதாரணப் புல் மஞ்சள் ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போகும். பச்சைப் புழு இலைநரம்போடு நரம்பாகப் படுத்துக் கிடக்கும். எங்கள் பகுதியில் இடவப்பாதி மழை, அதாவது ஜூன் தொடக்கத்தில் வரும் தென்மேற்குப் பருவமழை, விழுந்ததும் முளைக்கிற தகரைச் செடிதான் இதற்குப் பெரிய ஆதாரம். ஆடு மாடு சீண்டாது. மனிதர்கள் கர்க்கடகத்தில், அதாவது ஆடி மாதத்தில், பத்து வகை இலை சேர்த்துச் சமைக்கும் பத்திலைக் கறிக்குக் கொஞ்சம் பறிப்பதோடு சரி.

அந்தத் தகரையைத்தான் ரோட்டோரச் சுத்தம் என்ற பெயரில் ஆடி பிறந்ததும் அடியோடு சீவித் தள்ளுகிறார்கள். இப்போது சில இடங்களில் களைக்கொல்லியும் அடிக்கிறார்கள். சீவுவது ஒரு பக்கம் இருக்கட்டும், மருந்து அடித்தால் புழுவும் முட்டையும் சேர்ந்தே போகும். வளைவுகளில் பார்வை மறைக்கிற இடத்தை வெட்டட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? மற்ற இடத்தில் தகரை பூத்துக் காய்க்கும்வரை பொறுத்தால் என்ன? இந்தப் பூச்சி முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஏறக்குறைய ஒரு மாதம்தான் எடுக்கும்.

அப்புறம், கொன்றைக் கன்று வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒன்று. சில சமயம் கறுப்புத் தலைப் புழுக்கள் கூட்டமாக ஏறி இலையை மொட்டையடித்துவிடும். அது பெரும்பாலும் மூன்று குறியுள்ள இனத்தின் வேலை. அது முட்டையைக் கொத்தாக இடும். பயந்துபோய் மருந்து வாங்க ஓட வேண்டாம். கன்றுக்கு வேர் பிடித்திருந்தால் மறுபடி துளிர்த்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.