ஆர்கன் மாடத்தின் சாவியைக் கேட்டு ஒரு மடல்

சேகரத் தலைவர் ஐயர் அவர்களுக்கும் சேகரக் குழுவினருக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

முப்பத்தொரு வருடமாக உங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவன் எழுதுகிறேன். ஐயர் எழுவதும் மணப்பெண் வாசலில் வந்து நிற்பதும் ஆர்கனுக்கு மேலே மாட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியில்தான் எனக்குத் தெரியும். சபையாரில் பலருக்கு என் முகம் தெரியாது. பாட்டு இழுத்தால் யாரைத் திட்டுவது என்று மட்டும் தெரியும்.

சென்ற மாதக் கூட்டத்தில் ஆர்கன் மாடத்தைப் பூட்டிவிடத் தீர்மானித்திருக்கிறீர்கள். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் திறக்கலாமாம். மின்சாரச் செலவு காரணமாம். பிள்ளைகள் வீட்டில் கீபோர்டில் பழகட்டுமே என்று ஒருவர் சொன்னாராம். முக்கியமாக அவருக்குத்தான் இந்த மடல்.

ஐயா, கீபோர்டில் கைகள் பழகும். ஆர்கன் காலாலும் வாசிக்கிற வாத்தியம். கீழே குனியாமல் கால் தானாகப் பெடல் கட்டையைக் கண்டுபிடிக்க ஒரு பிள்ளைக்கு மாதக்கணக்கில் ஆகும். பியானோவில் தட்டிய சுரம் மெல்லத் தேய்ந்து போகும். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை குழாய் பாடிக்கொண்டே இருக்கும், எடுத்த கணத்தில் நின்றுவிடும். அதனால் விரலை எடுப்பதற்கே தனிப் பாடம் நடத்துகிறேன். சபை மூச்சு வாங்கும் இடத்தில் விரலும் மூச்சு வாங்க வேண்டும். நான்காவது சரணத்தில் முன்வரிசைப் பாட்டிமார் பின்தங்குவார்கள். அவர்களை விட்டுவிட்டு ஓடவும் கூடாது, அவர்களோடு சேர்ந்து படுத்துவிடவும் கூடாது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு இதைக் கற்ற பிள்ளையை நான் பார்த்ததில்லை.

குழுக்களோடு மல்லுக்கட்டியவர்களில் நான் முதல் ஆள் இல்லை. ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக் 1703இல், 18 வயதில், ஆர்ன்ஷ்டாட் ஊர்க் கோவிலில் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்தார். 1705இல் நான்கு வார விடுப்பு கேட்டுவிட்டு, புக்ஸ்டஹூடே என்ற பெரியவரின் வாசிப்பைக் கேட்க லூபெக்குக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே போனார். திரும்பி வர நான்கு மாதம் போலாயிற்று. 1706 பிப்ரவரியில் சபை மேலாளர்கள் கூப்பிட்டுக் கேட்டார்கள்: ஏன் இத்தனை நாள்? பாட்டுக்கு நடுவே விநோதச் சுரங்களைச் சேர்த்து ஏன் சபையைக் குழப்புகிறாய்? அதே வருடம் ஜூலையில்தான் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அந்த வழியில் வந்த ஜெர்மானிய ராகங்கள் சிலவற்றை நாம் இன்றும் தமிழில் பாடுகிறோம்.

1723இல் பாக் லைப்சிக்கில் பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியாரானார். 1730இல் நகர மன்றத்துக்கு எழுதிய மனுவில் பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்துக் கணக்குக் காட்டினார்: பாட்டுக்குப் பயன்படுவோர் 17, இன்னும் பயன்படாதோர் 20, உதவவே உதவாதோர் 17. அதே வருடம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஊரில் நல்ல காற்று வீசியதால் சாவு குறைந்து, அடக்க வருமானத்தில் 100 தாலருக்கு (அந்நாள் வெள்ளிக்காசு) மேல் போயிற்று என்று புலம்புகிறார். அடக்க ஆராதனைக் கவரை நம்பியிருந்த மாதங்கள் எனக்கும் உண்டு. வெட்கம்தான், ஆனாலும் படித்தபோது சிரித்துவிட்டேன்.

நானும் என் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 11 பேர். ஞாயிறு ஆராதனைக்கு இப்போதே உட்காரக்கூடியவர்கள் 2. ஒரு வருடம் கொடுத்தால் 4. மீதி 5 பேர் அம்மா விரட்டுவதால் வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான், ஆகவே அவர்களையும் தள்ள மனமில்லை.

சம்பள உயர்வு கேட்கவில்லை. செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை மாடம் திறந்திருக்க வேண்டும். அந்த மின்சாரத்தை என் டியூஷன் பீஸில் கழித்துக்கொள்ளுங்கள். பூட்டினால் வாத்தியம் பத்திரமாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். வாசிக்காத ஆர்கனில் எலி குடும்பம் நடத்தும். துருத்தித் தோலைக் கடித்துவிட்டால் ஒட்டத் தெரிந்தவரைத் தேடி நீங்கள்தான் அலைய வேண்டும்.

எனக்கு வயது 64. இடது மோதிர விரல் மழைக்காலத்தில் மடங்க மறுக்கிறது. இந்தக் கிறிஸ்துமஸை ஒப்பேற்றிவிடுவேன். அடுத்ததற்கு மாடத்தில் யார் என்று எனக்குத் தெரியாது.

வருகிற வியாழன் ஐந்து மணிக்கு அந்த 2 பிள்ளைகளோடு வாசலில் நிற்பேன். சாவியைக் கோவில்பிள்ளையிடம் கொடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆர்கன் வாசிப்பவன்