அதிகாலை நாலரைக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒருவர், கொழும்புக்கு அலுவலாக வரும் நம்மவர்கள் வீடுகளில் விடும் அறைகளை நம்ப வேண்டாம், ஹோட்டலிலேயே தங்குங்கள் என்று எழுதியிருந்தார். படத்தில் காட்டியது ஓர் அறை, கொடுத்தது வேறோர் அறை என்பது அவருடைய மனக்குறை. அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அதை வைத்து எல்லோரையும் ஹோட்டலுக்குப் போகச் சொன்னது என்னை இரண்டு நாளாக உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 31 வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. கணவர் காலமான பிறகு, பிள்ளைகளும் வெளிநாட்டில் இருப்பதால், 2015 முதல் மூன்று அறைகளை வந்து தங்குபவர்களுக்கு விடுகிறேன். படுக்கையும் காலைச் சாப்பாடும் உண்டு. இதைப் 'பெட் அன்ட் பிரேக்பாஸ்ட்' என்பார்கள். என்னிடம் வருபவர்கள் 'அன்ரி வீடு' என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு லாபம் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹோட்டலுக்கே போங்கள் என்று நானே திருப்பி அனுப்பியவர்களைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன்.

அறை கேட்டு ரெலிபோன் எடுப்பவர்கள் முதலில் கேட்பது வாடகை. அடுத்தது ஏசி இருக்கிறதா. என்னைக் கேட்டால் முதல் கேள்வி நேரத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வருபவர்கள் விடியுமுன் காலி வீதியில் இறங்குகிறார்கள். நாலரை, ஐந்து மணி. பெரும்பாலான ஹோட்டல்களில் அறை கையில் கிடைப்பது பிற்பகல் 2 மணிக்கு. இடையில் ஒன்பது மணித்தியாலம்! நோயாளியையும் பைகளையும் வைத்துக்கொண்டு எங்கே இருப்பது? முன் மண்டபத்தில் இருக்க விடுவார்கள், பைகளை வாங்கி வைப்பார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரவு முழுக்கப் பஸ்ஸில் இருந்து கால் வீங்கிப் போன 70 வயது அம்மாவுக்கு வேண்டியது சோபா அல்ல. முகம் கழுவி, உடுப்பு மாற்றி, நீட்டி நிமிர்ந்து படுக்க ஓர் இடம். முந்திய நாளைக்கும் சேர்த்துக் காசு கட்டினால் ஹோட்டலிலும் அது கிடைக்கும். வீட்டில் அறை காலியாக இருந்தால் நேராகப் போய்ப் படுக்கலாம். காலியாக இல்லாவிட்டால் என் சொந்த அறைக் கட்டிலைக் கொடுத்திருக்கிறேன், பல தடவை.

எல்லா வீடும் அப்படி என்று சொல்ல மாட்டேன். இரவு 10 மணிக்குப் பிறகு கேட் திறக்காத வீடுகளும் இருக்கின்றன. அதனால்தான் கேளுங்கள் என்கிறேன்: 'நான் இத்தனை மணிக்கு வருவேன், யார் கதவைத் திறப்பார்கள்?' நேரான பதில் வராத இடத்துக்குப் போகாதீர்கள், அது வீடானாலும் ஹோட்டலானாலும்.

அடுத்தது காலைச் சாப்பாடு. 'இலவச காலை உணவு' என்று எழுதியிருந்தால் நாங்கள் மகிழ்ந்துவிடுகிறோம். கொழும்புக்கு வருபவர்களில் எத்தனை பேர் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வருகிறார்கள் தெரியுமா? ஹோட்டலில் ஏழிலிருந்து பத்து மணி வரை வகை வகையாக வைத்திருப்பார்கள். இவர்கள் ஆறரைக்கே பரிசோதனைக்குப் போய், நம்பருக்குக் காத்திருந்து, பசியோடு திரும்பும்போது பத்தரை. மேசை துடைத்தாகிவிட்டது. கொடுத்த காசுக்கு ஒரு தேநீர்கூடக் குடிக்கவில்லை. சாதாரண வீட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. இடியப்பத்தை மூடி வைத்துவிட்டு, அவர்கள் வந்த பிறகு சொதியைச் சூடாக்கினால் போதும். சீனி வருத்தக்காரருக்குக் குரக்கன் புட்டு. சத்திரசிகிச்சை முடிந்து வந்தவருக்கு உறைப்பில்லாமல் பத்தியக் கறி. கந்தசஷ்டி விரதகாரருக்கு வேறு அடுப்பில், வேறு சட்டியில். இதையெல்லாம் பெரிய சமையலறையில் கேட்டு வாங்க நம் ஆட்கள் கூச்சப்படுவார்கள். வீட்டில் அடுப்படி வாசலில் நின்று, 'அன்ரி, உப்பைக் குறைச்சுப் போடுங்கோ' என்று சொல்லிவிடலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வைத்தியசாலைத் திகதி நம் கையில் இல்லை. வியாழக்கிழமை என்று சொன்ன ஒப்பரேஷன் திங்கட்கிழமைக்குப் போகும். இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, இறங்கட்டும் என்பார்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று, திருப்பித் தர மாட்டோம் என்ற நிபந்தனையோடு ஹோட்டல் அறை எடுத்தவர்களுக்கு அந்தக் காசு போனது போனதுதான். மன்னாரிலிருந்து வந்த ஒரு தம்பி மூன்று இரவுக் காசை அப்படி விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தார். தகப்பனுக்கு இருதயத்தில் அடைப்பு. இரண்டு நாள் என்று வந்தவர்கள் 19 நாள் இருந்தார்கள். நான் அவர்களிடம் ஏழு நாட்களுக்குப் பிறகு பாதி வாடகைதான் வாங்கினேன். அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நாள் நீண்டால் வீட்டுக்காரரோடு பேசலாம், கணினியோடு பேச முடியாது.

சரி, ஹோட்டலுக்கு யார் போக வேண்டும்?

படி ஏற முடியாதவர்கள். இதில் நான் ஒரு பிழை செய்தேன். நான்கு வருடத்துக்கு முன் திருகோணமலையிலிருந்து ஒரு மகள் அறை கேட்டாள், முழங்கால் வலிக்காரத் தகப்பனுக்கு. கீழ் அறையில் ஆள் இருந்தது. மேல் அறை இருக்கிறது என்றேன், படிகளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. 16 படி, நடுவில் ஒரு வளைவு, கைபிடி ஒரு பக்கம் மட்டும். அந்த ஐயா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். மேலே போனதும் கட்டிலில் இருந்து கண்ணை மூடிக்கொண்டார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மகள் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் வாடகைக்கு முன் படிக்கணக்கைச் சொல்கிறேன். லிஃப்ட் உள்ள ஹோட்டல் அவருக்குப் பல மடங்கு நல்லதாக இருந்திருக்கும். கூடுதலாக ஐயாயிரம் போனாலும் பரவாயில்லை.

மின்சாரத்தை நம்பி மூச்சு விடுபவர்களும் ஹோட்டலுக்குப் போக வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அப்போது என் வீட்டில் நெபுலைசர் பிடிக்கும் ஓர் அம்மா இருந்தார். என்னிடம் ஜெனரேட்டர் கிடையாது. நானே இரண்டு ஹோட்டல்களுக்கு ரெலிபோன் எடுத்து, டீசல் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். இப்போது அந்தளவு மின்வெட்டு இல்லை. இருந்தாலும் ஆஸ்துமாக்காரர் யாரும் வந்தால் ஜெனரேட்டர் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நடு இரவு விமானத்துக்குக் கட்டுநாயக்க போக வேண்டியவர்கள், கல்யாணத்துக்குப் பத்துப் பதினைந்து பேராக வருபவர்கள், இவர்களுக்கும் ஹோட்டல்தான் வசதி. புதிதாகக் கல்யாணம் செய்தவர்களுக்கும் அப்படித்தான். கிழவி ஒருத்தி 'சாப்பிட வாங்கோ பிள்ளைகள்' என்று கதவைத் தட்டும் வீட்டில் அவர்கள் ஏன் இருக்க வேண்டும்? எங்கள் 25 ஆவது திருமண நாளுக்கு நானும் கணவரும் கோல் பேஸ் ஹோட்டலில் ஓர் இரவு தங்கினோம். 1864 இல் தொடங்கிய இடம். கடலைப் பார்த்து இருவரும் தேநீர் குடித்தோம், யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தனிமைக்குத்தான் அங்கே காசு கொடுக்கிறோம். அது தேவையான நாளில் அது பெறுமதியானது.

தனியாக வரும் பெண் பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஒரே முடிவு இல்லை. நேர்முகத் தேர்வுக்கு வரும் பிள்ளையின் தாய் இரவு எட்டு மணிக்கு எனக்கு எடுத்து, 'அன்ரி, பிள்ளை வந்திட்டாளா? சாப்பிட்டாளா?' என்பார். தாய்க்கு நிம்மதி. ஆனால் ஒரு பிள்ளை போகும்போது மெதுவாகச் சொன்னாள்: 'அன்ரி, கோபிக்காதேங்கோ, அடுத்த முறை ஹோட்டல்ல நிப்பன். அங்க ஆரும் அம்மாவுக்குச் சொல்லமாட்டினம்.' அவள் 27 வயதுப் பொறியியலாளர். அவள் சொன்னது சரி. இப்போது எந்தத் தாய் எடுத்தாலும், பிள்ளையிடமே கேளுங்கள் அம்மா என்று சொல்லிவிடுகிறேன்.

காசு விஷயம். ஹோட்டலில் 20,000 ரூபா 'பிளஸ் பிளஸ்' என்றால் அது 20,000 அல்ல. 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 22,000. அதன்மேல் 2024 இலிருந்து 18 சதவீதமாக இருக்கும் வற் வரி. மொத்தம் 25,960. கேட்டால் சொல்வார்கள், கேட்காதவர்கள் கடைசி நாளில் பில்லைப் பார்த்துத் திகைக்கிறார்கள். வீடுகளில் சொன்ன காசுதான் பெரும்பாலும், ஆனால் இங்கேயும் ஏசிக்குத் தனி, சுடுதண்ணீருக்குத் தனி என்று பிறகு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது அசிங்கம். இந்தத் தொழிலில் இருக்கும் என் அயலவர்களுக்கு இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்னுமொன்றை எழுதாமல் முடிக்க முடியாது. வந்து தங்குபவரின் அடையாள அட்டை இலக்கத்தைப் பதிவேட்டில் எழுதுவது முறை. வீடும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்துதான் இருக்கிறது. ஆனால் அட்டையைக் கேட்டவுடன் வயதானவர்களின் முகம் மாறுகிறது. போன மாதம் கிளிநொச்சியிலிருந்து வந்த ஓர் ஐயா கேட்டார்: 'பொலிசுக்குக் குடுக்கிறதுக்கோ பிள்ளை?' எனக்கு நெஞ்சு அடைத்தது. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்கள் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. வைத்தியத்துக்கும், விசாவுக்கும், வேலைக்கும் வந்து வாடகை கொடுத்துத் தங்கியிருந்தவர்கள் அவர்கள். அந்த நினைவு போகாதவர்கள் இன்னமும் இந்த நகரத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று வேறு மொழியில் அட்டை கேட்பதும், கதிரையில் இருத்தி, தேநீர் கொடுத்து, 'ஐயா, இது என்ரை கொப்பியில எழுத மட்டும்தான்' என்று சொல்லி அவர் பார்க்கும்படி எழுதுவதும் ஒன்றல்ல. நல்ல ஹோட்டல்களில் தமிழ் பேசும் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், தெரியும். முதலாளிமார் அவர்களை இரவு நேரத்திலும் முன் மேசையில் வைத்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்.

கடிதம் எழுதிய அந்த வாசகருக்கு: உங்களுக்கு நடந்ததற்கு நான் வெட்கப்படுகிறேன். படத்துக்கும் அறைக்கும் சம்பந்தமில்லாமல் விளம்பரம் போடும் வீடுகளைச் சுற்றுலா அதிகார சபைக்கு எழுதிப் போடுங்கள், காலி வீதியில் கொழும்பு 3 இல்தான் அலுவலகம். பதிவில்லாத வீடாக இருந்தாலும் எழுதுங்கள். நான் உங்களோடு கையெழுத்து வைக்கிறேன். என்னைப் போல் அறை விடுபவர்களுக்கு: எத்தனை படி, குளியலறை அறையோடு சேர்ந்ததா பொதுவா, ரயில் சத்தம் கேட்குமா, ஜெனரேட்டர் உண்டா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டும் என்பதை விளம்பரத்திலேயே எழுதுங்கள். மரைன் டிரைவ் பக்கத்து அறைகளில் ரயில் சத்தம் கேட்கத்தான் செய்யும். நித்திரை கிடைக்காத நோயாளிக்கு அதை மறைக்கக் கூடாது. நான் எழுதிய பிறகு எனக்கு ஆள் குறையவில்லை.

இன்றிரவு முல்லைத்தீவிலிருந்து ஒரு தாயும் மகனும் பஸ் ஏறுகிறார்கள். மகனுக்குக் காலில் தகடு வைத்திருக்கிறது, அதை எடுக்க வருகிறார்கள். கீழ் அறையில் இருந்த பட்டதாரிப் பிள்ளையிடம் மேலே போகிறாயா அம்மா என்று கேட்டேன், உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். படுக்கை விரிப்பு மாற்றியாகிவிட்டது. நாலு மணிக்கு மணி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.