பெயரை மாற்றினால் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஓகி புயலில் கணவரை இழந்த கடற்கரைப் பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்றைத் தங்கள் மாவட்டப் பக்கத்தில் சுருக்கி வெளியிட்டிருந்தீர்கள். இந்தப் பெண்களை யாரும் மறந்துவிடக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிந்தது. ஆனால் பேட்டி தந்தவரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை, முதுகுப்புறமாக எடுத்த படம் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டீர்கள். நாகர்கோவிலில் இருந்து தமிழில் பாலின ஆய்விதழ் ஒன்றை நடத்துகிறவள் நான். படித்த பிறகு மனசு ஆறவில்லை.

ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. “திரும்பி வராத படகில் மாமனாருக்கும் பங்கு உண்டு, மூத்த மகள் நர்சிங் படிக்கிறாள், நிவாரணப் பணத்தில் கொழுந்தனோடு தகராறு” என்று எழுதினால், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்கு வருகிற யாருக்கும் ஆள் யாரென்று உடனே தெரிந்துவிடும். சென்னையில் இருந்து கட்டுரையை மதிப்பிடுகிறவருக்கு இது தெரியாது. ஆங்கிலத்தில் வந்திருந்தால் ஊர்வரைக்கும் வராமல் போயிருக்கலாம். தமிழில் வந்தால் ஊரே படிக்கும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. அவளுடைய மாமியாரும் படிப்பார்.

பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. நிவாரணப் பணத்துக்காகப் புகுந்த வீட்டில் பட்ட பாட்டைச் சொன்னவளுக்கு அந்தக் காப்பு கிடையாது. அவள் விஷயத்தில் ஆய்வாளரும் இதழாசிரியரும் பத்திரிகையும்தான் பார்த்து நடக்க வேண்டும்.

எங்கள் இதழுக்கு ஒரு கட்டுரை வந்தால், பேட்டி தந்தவர்களைப் பற்றிய பத்தியைத்தான் நான் முதலில் படிப்பேன். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு “மேற்குக் கடற்கரை ஊர் ஒன்று” என்று போடச் சொல்வேன். வாதத்துக்குத் தேவைப்படாத விவரம் எதுவும் நிற்காது. சிக்கல் வருவது தேவைப்படும் விவரத்தில்தான். படகில் மாமனாருக்குப் பங்கு இருந்ததால்தான் பணம் அவர் கைக்குப் போனது என்பது ஆய்வின் முடிவாக இருந்தால், அதை வெட்டவும் முடியாது, வேறு மாதிரி மாற்றி எழுதவும் கூடாது. அப்போது ஆய்வாளரைத் திரும்ப அனுப்புவேன். அந்தப் பத்தியை அந்தப் பெண்ணுக்குப் படித்துக் காட்டுங்கள், அவர் சரி என்றால் போடலாம் என்பேன். இதற்குத்தான் பலர் முகம் சுளிக்கிறார்கள். பஸ் செலவு, நேரம், நெறியாளரின் அவசரம். அவர்களுடைய நெருக்கடியும் எனக்குப் புரிகிறது.

அப்படி நான் திருப்பி அனுப்பிய கட்டுரை ஒன்று, பணம் வாங்கிக்கொண்டு உடனே வெளியிடும் வேறொரு இதழில் ஊர்ப் பெயரோடு வந்துவிட்டது. அதன் அட்டையில் ஐ.எஸ்.எஸ்.என். எண் பளிச்சென்று இருந்தது. அந்த எட்டு இலக்க எண், இதழை அடையாளம் காண்பதற்கானது. தரத்துக்கு யாரும் தந்த சான்று அல்ல. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரிலேயே நீக்கிவிட்டது. தரமான ஆய்விதழ்கள் என்று தான் வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. எந்த இதழ் நல்ல இதழ் என்று பார்க்கும் பொறுப்பு இப்போது கல்லூரிகளிடம் இருக்கிறது. அப்படிப் பார்க்கும்போது, பேட்டி தந்தவரின் ஒப்புதலைக் கேட்கிற இதழா என்பதையும் கேளுங்கள் என்று நம் கல்லூரி முதல்வர்களிடம் தங்கள் வழியாக வேண்டுகிறேன்.

எல்லாப் பெண்களின் பெயரையும் மறைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அண்டி (முந்திரிக்கொட்டை) எண்ணெய் பட்டு விரல் வெந்துபோன ஒரு அம்மா, அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையின் கூலியைப் பற்றி எங்கள் ஆய்வாளரிடம் பேசிவிட்டு, “எனக்க பேரையே போடுங்க மக்களே, நான் என்ன களவா செய்தேன்?” என்றார். போட்டோம். திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் போராடிய தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி நான் படித்த பதிவுகளில் மிஷனரிகள், திவான், ரெசிடென்ட் என்ற ஆங்கிலேயப் பிரதிநிதி ஆகியோரின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. 1859 ஜூலை 26 அரச அறிவிப்புவரை தெருவில் அவமானப்பட்ட பெண்களின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த அம்மாவின் பெயரை அச்சில் பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டோம்.

இனி ஆய்வுச் செய்தி வெளியிடும்போது, ஊரையும் படத்தையும் போட அந்தப் பெண் சம்மதித்தாரா என்று ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க வழியில்லை என்றால் விட்டுவிடுங்கள். அந்தச் சுருக்கம் தங்கள் இணையப் பதிப்பில் இன்னும் இருக்கிறது. ஊர்ப் பெயரையும் படத்தையும் அங்கிருந்தாவது உடனே எடுத்துவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை,
நாகர்கோவில்.