ரொட்டிக் கூடையைச் சுற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. மாடிச் சுவர் இந்த மழைக்கு ஓதம் ஏறாமல் தாங்கிவிட்டது. நீ அனுப்பிய பணத்தில் பூசியது என்று வருகிறவர்களிடம் எல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ போன் பண்ணி ரொம்ப நாளாகிறது. அக்காவுக்கு மட்டும் மெசேஜ் போடுகிறாயாம். சரி, வேலை இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நெதர்லாந்தில் நீ இருக்கும் ஐந்தோவனிலிருந்து ரோட்டர்டாம் ரயிலில் போய்விடுகிற தூரம்தான். அங்கே பாய்மன்ஸ் அருங்காட்சியகத்தில் பீட்டர் ப்ரூகல் 1559-ல் வரைந்த ‘ஈகை’ என்ற படம் இருக்கிறது. கும்பகோணத்தில் படிக்கும்போது அதன் அச்சுப் பிரதியைத்தான் புத்தகத்தில் பார்த்தேன். மூலம் 30 சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காது. பேனாவும் பழுப்பு மையும் மட்டும்தான். நிழல் வேண்டிய இடத்திலும் கோட்டுக்குப் பக்கத்தில் கோடு இழுத்தே கொண்டுவந்திருக்கிறான்.

நடுவில் ஈகை ஒரு பெண்ணாக நிற்கிறாள். கையில் எரியும் இதயம், தலைமேல் தன் நெஞ்சைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டுமாம் என்று நம்பப்பட்ட கூழைக்கடா. என் கண் அவளிடம் நிற்பதில்லை, ரொட்டிக் கூடையைச் சுற்றி நீளும் கைகளுக்கே போய்விடும். அப்புறம் தாகத்துக்குக் குடிக்கிறவர்கள், உடுப்பு வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள், காலைத் தொழுமரத்தில் மாட்டிவைத்திருக்கும் கைதிகளைப் பார்க்க வந்தவர்கள், நோயாளி, வழிப்போக்கர், பிணம் புதைக்கிறவர்கள். அத்தனையும் ஒரே தெருவில், பட்டப்பகலில் நடக்கிறது. வாங்குகிறவன் ஒளிந்துகொண்டு வாங்கவில்லை. அதை நீ நன்றாகப் பார்க்க வேண்டும்.

ரெம்பிராண்டும் 1648-ல் ஒரு செதுக்கோவியம் செய்திருக்கிறார். வாசல் கதவுக்கு உள்ளே நின்றபடி ஒரு கிழவர் காசு கொடுக்கிறார், வெளியே முதுகில் குழந்தையோடு ஒரு தாய். அருமையான படம்தான். ஆனால் அதில் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. ப்ரூகல் படத்தில் அது இல்லை. அதனால் எனக்கு இதுதான் ஒரு படி மேல்.

ஆண்ட்வெர்ப்பில் ஹீரோனிமஸ் காக் வெளியிட்ட அச்சில் படத்துக்கு அடியில் லத்தீன் வரிகள் உண்டு. பிறருக்கு நேர்ந்தது உனக்கும் நேரும் என்று எண்ணிக்கொள், துன்பத்தில் கேட்கிறவனுடைய மனசை உன் மனசாக்கிக்கொண்டால்தான் உனக்கு உதவத் தோன்றும் என்று பொருள். எத்தனையோ வருஷம் பசங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். என் பிள்ளையும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தான், அவன் கோடுதான் எல்லோரிலும் சுத்தம்.

செப்புத் தகட்டில் வெட்டி அச்சடிக்கும்போது இடம் வலம் மாறிவிடும். மூலத்தில் ரொட்டிக் கூடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து எழுது. முதலில் விசாரித்துக்கொள்: மை வெளிறிவிடும் என்று தாளில் வரைந்தவற்றை எப்போதும் வெளியே வைக்க மாட்டார்கள். 2019-லிருந்து பழைய கட்டடமும் புதுப்பிப்பதற்காக மூடியிருக்கிறது. பக்கத்தில் படங்களைப் பாதுகாத்து வைக்கக் கண்ணாடி போர்த்திய டிப்போ ஒன்று கட்டியிருக்கிறார்களே, அங்கே கேள்.

அங்கே கம்பெனிகளில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேப்பரில் படித்தேன். போன மாசப் பணம் வேறு யாரோ ஒரு தம்பியின் கணக்கிலிருந்து வந்திருக்கிறது. பாங்கில் அந்தப் பெயரைப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

இந்த மாசம் எதுவும் அனுப்பாதே. பென்ஷன் வந்துவிட்டது, எங்கள் இருவருக்கும் அது தாராளம். இங்கே உன் பெயரில் இருக்கும் கணக்கில் கொஞ்சம் போட்டிருக்கிறேன். அந்தத் தம்பிக்குக் கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடு. மீதியை உனக்கு வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன், அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள். அப்போது பேசு.

அப்பா