தண்ணீரை வடியவிடும் ஊரிலிருந்து

றொஸ்கில்ட, டென்மார்க்

அன்பின் ஐயாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்களினதும் அம்மாவினதும் சுகமறிய ஆவல்.

இந்த நாட்டில் முந்தி எப்படிக் கமம் செய்தார்கள் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். இப்போது வயலில் ஆட்களைக் காண்பதே அரிது, எல்லாம் மெசின். ஆனால் 130, 140 வருடத்துக்கு முந்திய வேலையைக் கண்ணால் பார்க்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. லாவ்றிட்ஸ் அண்டர்சன் றிங் என்ற ஓவியரின் படங்கள் மூன்றும், அவருடைய கூட்டாளியின் படம் ஒன்றும் அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். இருவரும் இறந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் பிரதி எடுக்கத் தடை இல்லை.

றிங் 1854 இல், சீலாந்துத் தீவின் தெற்கில் உள்ள றிங் என்ற கிராமத்தில் பிறந்தவர். தகப்பன் வண்டிச்சில்லு செய்யும் தச்சர். மகன் முதலில் பழகியது வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கும் தொழில். கூட்டாளியின் பெயரும் அண்டர்சன்தான், பியூன் தீவின் பிரெண்டகில்டே கிராமத்துக்காரர். கண்காட்சியில் இரண்டு அண்டர்சன்களையும் ஆட்கள் மாறாட்டம் செய்ததால், 1880களின் தொடக்கத்தில் ஆளுக்கு ஆள் தம் ஊர்ப் பெயரையே பெயராக வைத்துக்கொண்டார்கள். இவர்களுக்கு முந்திய யூலியுஸ் எக்ஸ்னர் போன்றவர்களும் கிராமத்தைத்தான் வரைந்தார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பும் துடைத்து வைத்த அறையும். சேறு இல்லை. றிங்கின் படத்தில் சேறு உண்டு, அதில் நிற்கிறவர் யார் என்பதும் உண்டு.

முதலில், கான் வெட்டும் படத்தைப் பாருங்கள். 1885 இல் வரைந்தது. நாங்கள் வரம்பு கட்டித் தண்ணீரை மறிக்கிறோம், இங்கே நிலத்துக்குள் இருந்து அதை வெளியேற்றினால்தான் விளைச்சல். இது களிமண் நாடு. மாரிக்குப் பிறகு நீர் தேங்கிய களி இலேசில் சூடேறாது. குதிரை இறங்கினால் புதையும், விதைப்பு பிந்தும், வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். அதனால் 1850 அளவில் இருந்து நிலத்துக்கு அடியில் சுட்ட களிமண் குழாய் தாட்டார்கள்.

குழாய் ஒன்று ஏறக்குறைய ஒரு அடி நீளம், உள்வாய் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கான் நாலு அடி ஆழம். மேலே ஒன்றரை அடி அகலமாகத் தொடங்கி, போகப் போக ஒடுங்கிய மண்வெட்டிகளால் வெட்டி, அடியில் குழாய் மட்டும் இருக்கும் அளவுக்குக் கொண்டுவருவார்கள். எப்போதும் பள்ளப் பக்கத்தில் தொடங்கி மேட்டை நோக்கித்தான் வெட்டு, ஊறும் நீர் பின்னால் ஓடிவிட வேண்டும். நீண்ட பிடியுள்ள கொக்கியால் குழாய்களை ஒன்றோடொன்று முட்ட வைப்பார்கள். சாந்து பூசமாட்டார்கள், அந்த மூட்டு இடுக்கால்தானே தண்ணீர் உள்ளே வருகிறது. 100 அடிக்கு மூன்று நாலு அங்குலச் சரிவு போதும், ஆனால் அந்தச் சரிவு எங்கும் குழியக்கூடாது. ஒரு இடத்தில் குழிந்தால் அங்கே வண்டல் படியும். ஒரு குழாய் விலகினால் அதற்கு மேலே உள்ளதெல்லாம் வீண். பக்கத்தில் வில்லோ மரம் நின்றால் வேர் மூட்டுக்குள் புகுந்து வால்போல் நீண்டு அடைக்கும். மேற்கு யூட்லாந்தில் மண்ணில் உள்ள இரும்பு செம்பாசிபோல் ஊறி அடைக்கும்.

பயிர் இல்லாத குளிர் மாதங்களில்தான் இந்த வேலை பெரும்பாலும் நடக்கும். விளைச்சல் கூடுவது காணிக்காரருக்கு. நீருக்குள் நிற்பவர் நாட்கூலிக்காரர், அல்லது துண்டு நிலத்தோடு காலம் தள்ளும் ஹுஸ்மான் குடியானவர். றிங் வரைந்தது அவர்களைத்தான். எனக்கு இதுதான் அவருடைய பெரிய குணமாகப் படுகிறது.

அடுத்தது பிரெண்டகில்டேயின் படம், 1889. ‘தேய்ந்துபோனவர்’ என்று பெயர், ஓடென்ச நகரில் இருக்கிறது. வெறும் உழவு நிலத்தில் ஒரு கிழவர் மல்லாந்து கிடக்கிறார். பக்கத்தில் ஒரு பெண் வாய்விட்டுக் கத்துகிறாள். மரச்சப்பாத்து ஒன்று கழன்று கிடக்கிறது, சுற்றிவரக் கற்கள். அவர் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர். ‘ஒருமுறை பொறுக்கினால் முடியாதா?’ என்று கேட்பீர்கள். முடியாது ஐயா. பழைய பனிப்பாறைகள் கொண்டுவந்து கொட்டிய மண் இது, உள்ளெல்லாம் கல். குளிரில் கல்லின் அடியில் உள்ள ஈரம் உறைந்து வீங்கிக் கல்லை மேலே தள்ளும். உருகும்போது நுண்மண் அடியில் சரிந்துவிடுவதால் கல் பழைய இடத்துக்கு இறங்காது. ஒவ்வொரு வசந்தத்திலும் புதுக் கற்கள் முளைத்ததுபோல் நிற்கும். பொறுக்காவிட்டால் கலப்பை முனையும் அரிவாள் வாயும் போய்விடும். கூனத் தெரிந்த வயதானவருக்கும் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும்தான் அந்த வேலை விழுந்தது.

பனிகாலத் தெருப் படம் மறுபடி றிங்கினது, 1912. பால்டர்ஸ்புறொன்ட கிராமம், இங்கிருந்து கிட்ட. மார்கழியில் பகல் ஏழு மணித்தியாலம்தான், அந்த மங்கலை அவர் அப்படியே பிடித்திருக்கிறார்.

கடைசியாக உள்ளது அறுவடை, இதுவும் 1885. பயிருக்கு நடுவே நிற்பவர் றிங்கின் சொந்தத் தமையன். கையில் இருப்பது எங்கள் தாக்கத்தி இல்லை, நின்றபடி இரண்டு கையாலும் வீசும் நீளப்பிடி அரிவாள். வலமிருந்து இடமாக அரைவட்டம். வீச்சு முழுக்க அலகு நிலத்துக்குச் சமாந்தரமாகப் போகவேண்டும், நுனி தாழ்ந்தால் மண்ணில் குத்தும். வாய் மழுங்கினால் தாள் அறாமல் இழுபடும், முற்றிய மணி உதிரும். அதனால் அடிக்கடி நின்று தீட்டுவார்கள். பின்னால் ஒரு பெண் அள்ளி, அதே தாளை முறுக்கிக் கயிறாக்கிக் கட்டுவாள். கட்டுகளைக் கதிர் மேலே இருக்க ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திக் காயவிடுவார்கள். மழை விடாவிட்டால் கதிரிலேயே முளைக்கும். ஈரத்தோடு குவித்தால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

அந்த வருடங்களில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் தானியம் மலிவாக வந்து விலை விழுந்திருந்தது. 1882 இல் யூட்லாந்தின் யெடிங்கில் முதல் கூட்டுறவுப் பாலாலை தொடங்க, கமக்காரர் மெல்ல மெல்ல வெண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் றிங் தன் தமையனை இவ்வளவு பெரிதாக வரைந்து வைத்தார். அச்சில் அது தெரியாது. நூல் பிடித்து விறாந்தைச் சுவரில் ஆறடி மூன்று அங்குல உயரமும் ஐந்தடி அகலமும் அளந்து கரியால் கோடு போடுங்கள். உண்மைப் படம் அவ்வளவு. பிறகு அச்சை அதன் நடுவில் வைத்துப் பார்த்துவிட்டு, அவர் கால் ஊன்றி நிற்கும் விதம் சரியா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்