பொதுத்தேர்வுக்காகத் தூக்கத்தைத் துண்டு போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களுக்கான தங்கள் சிறப்புப் பக்கத்தில், இரவுத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு பகலில் குட்டித் தூக்கங்கள் போட்டால் படிக்க நேரம் மிச்சமாகும் என்ற யோசனையைப் படித்தேன். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறவள் என்ற முறையில் இதை வன்மையாக மறுக்கிறேன். யூடியூபில் பார்த்துவிட்டு இதை முயன்று பார்க்கும் பிள்ளைகள் ஏற்கெனவே என் வகுப்பில் இருக்கிறார்கள். முதல் பாடவேளையிலேயே அவர்கள் தலை மேசையில் சாய்ந்துவிடுகிறது.

இந்த முறைகளில் மிகக் கடுமையானதில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் என்று நாளுக்கு 6 முறைதான் தூக்கம். மொத்தம் வெறும் 2 மணி நேரம்! சற்றுத் தளர்ந்த இன்னொரு முறையில் இரவில் 3 மணி நேரமும் பகலில் மூன்று முறை 20 நிமிடமும் தூங்கச் சொல்கிறார்கள். லியனார்டோ டா வின்சி இப்படித்தான் தூங்கினார் என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது. 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது அப்போதுதான். கனவுகள் நிறைந்த உறக்கமோ விடியலை நெருங்க நெருங்கக் கூடுகிறது. மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுகிற பிள்ளை இந்தப் பின்பகுதியை ஏறக்குறைய முழுவதுமாக இழக்கிறது. 20 நிமிடக் குட்டித் தூக்கம் அதை ஈடுசெய்யாது.

மதியத் தூக்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூரில் 15 முதல் 19 வயதினரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. ஒரு குழு இரவில் ஆறரை மணி நேரம் தொடர்ந்து தூங்கியது. மற்றொரு குழு இரவில் 5 மணி நேரமும் மதியம் ஒன்றரை மணி நேரமும் தூங்கியது. பிரித்துத் தூங்கியவர்களுக்குப் பிற்பகலில் விழிப்புணர்வு கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் குளுக்கோஸ் கொடுத்துச் சோதித்தபோது இரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறியதும் அவர்களுக்குத்தான். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்ட நம் ஊரில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியுமா?

'நாங்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்தவர்கள்தானே' என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்த நாளில் எட்டரைக்கே விளக்கை அணைத்துப் படுத்தார்கள். இன்று டியூஷன் முடிந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதி முடிக்கவே பதினொன்று ஆகிறது. போதாததற்கு, வளரிளம் பருவத்தில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பதே இரவில் தாமதமாகிறது. ஒன்பது மணிக்குப் படுத்தாலும் பலருக்கு உறக்கம் வராது. அதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம்.

ஆகவே மாற வேண்டியது பள்ளியின் கடிகாரம். கலிஃபோர்னியாவில் 2019இல் இயற்றிய சட்டப்படி, 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது. தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகள் இன்னும் நேரம் கழித்துப் படுப்பார்கள் என்பது பலரின் வாதம். ஆனால் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் தொடக்க நேரத்தை 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளிவைத்த பின், மாணவர்கள் சுமார் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியதை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். மகாராஷ்டிர அரசு 2024இல் நான்காம் வகுப்பு வரை காலை 9 மணிக்கு முன் பள்ளி வேண்டாம் என்றது. நல்ல முடிவுதான். ஆனால் சின்னஞ்சிறுவர்கள் தாமாகவே விடியலில் விழித்துவிடுவார்கள். அந்தச் சலுகை அவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுவது ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு.

தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் மணி அடிக்கும் நேரம் அவ்வளவு மோசமில்லை. தேர்வு வகுப்புகளுக்கு ஏழரை மணிக்கே வைக்கிற சிறப்பு வகுப்புதான் கெடுக்கிறது. அதற்காக ஆறரைக்கே வேன் ஏற வேண்டும். தொலைவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ஐந்து மணிக்கு எழ வேண்டும். அந்த வகுப்பை மாலைக்கு மாற்ற அரசாணை எதுவும் தேவையில்லை. தலைமை ஆசிரியரும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் போதும். அடுத்த கல்வியாண்டுக்கான அட்டவணை தயாராகும் முன், தாங்கள் ஒரு தூக்க மருத்துவரிடம் கேட்டுக் கட்டுரை வெளியிடுங்கள். எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் அதை நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியை ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.